செவ்வாய்க்கிழமை காலை எனக்கு: வயது ஏறியபின் பழைய ஆசைக்கு நேரம் எடுப்பது எப்படி

எனக்கு 62 வயது. வீடு திருச்சி உறையூரில். ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தில் 34 வருடம் எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். வீட்டில் நான், என் கணவர், 87 வயதான என் மாமியார். மகள் கல்யாணமாகிக் கோயம்புத்தூரில் இருக்கிறாள்.

1977இல், ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது, பள்ளியில் எங்களைத் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். விமானத்தின் அடிப்பகுதியில் வரிவரியாக எழுத்து. வரலாறு டீச்சர் அதன்மேல் விரல் வைத்து, "இது தமிழ்தான். கொஞ்சம் பழகினால் நீங்களே படிக்கலாம்" என்றார். எல்லாரும் புளிசாதப் பொட்டலத்தைத் தேடிப் போய்விட்டார்கள். நான் மட்டும் நின்று ஒரு எழுத்தைக் கண்டுபிடித்தேன்: ட. ஆயிரம் வருடத்தில் அதிகம் மாறாத எழுத்து அது. அன்று வந்த ஆசை, அப்புறம் 41 வருடம் அப்படியே கிடந்தது. 2018இல், 55 வயதில், அதைக் கையில் எடுத்தேன். இன்று சோழர் காலக் கல்வெட்டு ஒன்றை எழுத்துக்கூட்டி, நடுவில் நின்று நின்று, ஆனால் யார் துணையும் இல்லாமல் வாசிக்கிறேன்.

எப்படி நேரம் கிடைத்தது என்று பலர் கேட்கிறார்கள். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் ஆசை வீணையாக இருக்கலாம், நீச்சலாக இருக்கலாம், பாதியில் விட்ட பட்டப்படிப்பாக இருக்கலாம். என் வழி கல்வெட்டு என்பதால் உதாரணமெல்லாம் கல்லிலிருந்தே வரும். உங்களுடையதற்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆசையை ஒரு வாக்கியத்துக்குள் அடக்குங்கள்

"கல்வெட்டு படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்" என்றுதான் 41 வருடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு நாளை காலை என்ன செய்வது என்று யாராலும் சொல்ல முடியாது. மிகப் பழைய தமிழ் எழுத்தான தமிழி உண்டு, வட்டெழுத்து உண்டு, கிரந்தம் உண்டு, சோழர் காலத் தமிழ் எழுத்து உண்டு. எல்லாம் கற்க ஒரு ஆயுள் வேண்டும். எனக்கு இருப்பது மிச்ச ஆயுள்.

அதனால் இப்படி மாற்றினேன்: "சோழர் காலத்து விளக்குக் கொடைக் கல்வெட்டு ஒன்றை யார் உதவியும் இல்லாமல் வாசிக்க வேண்டும்." உடனே பாதி வேலை குறைந்தது. கோயிலில் விளக்கு எரிக்க ஆடோ பொன்னோ கொடுத்ததைச் சொல்லும் கல்வெட்டுகளுக்கு ஒரே மாதிரியான நடை இருக்கிறது. "ஸ்வஸ்திஸ்ரீ" என்று தொடங்கும், அரசன் பெயர் வரும், அவனுக்கு எத்தனையாவது ஆட்சியாண்டு என்று வரும், ஊர், கொடுத்தவர், கொடுத்தது, "சந்திராதித்தவல்", அதாவது சந்திரனும் சூரியனும் உள்ளவரை, எரிய வேண்டும் என்ற நிபந்தனை, கடைசியில் இதைப் பாதுகாப்பவர் யார் என்பது. இந்த ஒரு அச்சு மனதில் பதிந்துவிட்டால், பாதி எழுத்து சிதைந்திருந்தாலும் அடுத்து என்ன வரும் என்று ஊகிக்கலாம். வடமொழிச் சொற்களுக்காகக் கிரந்த எழுத்தில் பத்துப் பன்னிரண்டு மட்டும் தெரிந்தால் போதும்.

இப்படிச் சுருக்குவது ஆசையைக் குறைப்பது என்று நினைக்காதீர்கள். "சங்கீதம் கற்க வேண்டும்" என்று இருபது வருடமாகச் சொல்லிவந்த என் தோழி ஒருத்தி, "என் பேத்தியின் முதல் பிறந்தநாளுக்கு அம்மா பாடிய தாலாட்டைச் சுருதி விலகாமல் பாட வேண்டும்" என்று மாற்றிக்கொண்டாள். ஏழு மாதத்தில் பாடினாள். அப்புறம் அவளாகவே அடுத்ததற்குப் போனாள்.

ஒரு வாரம் கணக்கு எழுதுங்கள்

34 வருடம் கணக்கு எழுதியவள் என்பதால் எனக்கு இது சுலபமாக வந்தது. மளிகை நோட்டின் பின்பக்கத்தில் ஏழு நாள் எழுதினேன். எழுந்த நேரம், சமையல், அலுவலகம் போய்வர, மாமியாருக்கு மருந்து, துணி, தொலைக்காட்சி, கைபேசி, தூக்கம். அழகாக எழுத வேண்டியதில்லை. "8.10 முதல் 8.40, போன்" என்றால் போதும்.

வாரத்துக்கு 13 மணி நேரம் தொலைக்காட்சித் தொடர்களுக்குப் போயிருந்தது. அதில் ஒரு தொடரைத்தான் நான் விரும்பிப் பார்த்தேன். மற்றவை, அது முடிந்தபின் எழுந்திருக்கத் தோன்றாததால் பார்த்தவை. கைபேசியில் ஒரு நாளைக்கு 50 நிமிடம். இரவு டிபனுக்காக ஒன்றே கால் மணி நேரம். என் கணவருக்குத் தோசை, மாமியாருக்கு இட்லி அல்லது கஞ்சி, எனக்கு மிச்சம் இருப்பது என்று மூன்று விதமாக நடந்துகொண்டிருந்தது. யாரும் என்னை மூன்று விதமாகச் செய்யச் சொல்லவில்லை. நானே பழக்கிவிட்டது.

எனக்குப் பிடித்த தொடரை வைத்துக்கொண்டேன். அதையும் விட்டிருந்தால் இரண்டு வாரத்தில் எல்லாவற்றையும் விட்டிருப்பேன் என்று நம்புகிறேன். மற்றதை நிறுத்தினேன். வாரத்தில் நாலு நாள் இரவு எல்லாருக்கும் இட்லி என்று ஆக்கினேன். இவை இரண்டிலும் மட்டும் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் மிஞ்சியது. அதில் மூன்று மணி நேரம் மட்டும் எடுத்தேன். மீதியை ஓய்வுக்கும், மாமியாரோடு பேசுவதற்கும் விட்டேன். கிடைத்த நேரம் முழுவதையும் ஆசைக்கே கொட்டாதீர்கள். வீட்டில் காய்ச்சல், விருந்தாளி, மின்வெட்டு என்று ஏதாவது வரும்போது, இடைவெளி இல்லாத திட்டம்தான் முதலில் உடையும்.

வாய் திறந்து கேளுங்கள்

இதுதான் எனக்கு மிகவும் கடினமாக இருந்தது. பெண்களுக்குப் பெரும்பாலும் இதுதான் கடினம் என்று நினைக்கிறேன். வேலையெல்லாம் முடிந்தபின் கிடைக்கும் நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். வீட்டு வேலை முடிவதே இல்லை. அது முடியும் என்று காத்திருந்ததில்தான் என் 41 வருடமும் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டு முடித்ததும், கணவரிடம் சொன்னேன். "என்னங்க, செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி வரைக்கும் நான் வீட்டில் இல்லாத மாதிரி நினைச்சுக்கணும். பால் வாங்குறது, அம்மாவுக்குக் கஞ்சி, மாத்திரை எல்லாம் உங்க பொறுப்பு." அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "கஞ்சி எப்படி வைக்கணும்னு எழுதிக் கொடு" என்றார். எழுதிக் கொடுத்தேன். அந்தத் தாள் இன்னும் அடுப்படியில் ஒட்டியிருக்கிறது. இப்போது அவர் வைக்கும் கஞ்சிதான் மாமியாருக்குப் பிடிக்கிறது.

கேட்கும்போது மூன்று விஷயம் சொல்லுங்கள்: எந்தக் கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, அந்த நேரத்தில் யார் என்ன செய்ய வேண்டும். "எனக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும்" என்றால் எல்லாரும் தலையாட்டுவார்கள், ஒன்றும் நடக்காது. செவ்வாய் என்று சொன்னதால்தான் என் மகளும் செவ்வாய்க்கிழமை காலையில் போன் செய்வதை நிறுத்தினாள்.

செவ்வாயைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. சனி ஞாயிறில் வீட்டுக்கு யாராவது வருவார்கள். வெள்ளி கோயிலில் கூட்டம். திங்கள் சங்கத்தில் வேலை அதிகம். செவ்வாய் யாருக்கும் வேண்டாத நாள். உங்கள் வீட்டில் அப்படி ஒரு கிழமை எது என்று பாருங்கள்.

ஓய்வு பெற்றதும் செய்யலாம் என்று தள்ளாதீர்கள். நான் ஓய்வு பெறுவதற்கு ஐந்து வருடம் முன்பே வாரத்துக்கு மூன்று மணி நேரமாகத் தொடங்கியதால், ஓய்வு பெற்ற அன்று என் கையில் ஒரு வேலை இருந்தது. ஓய்வுக்கு முன் ஒன்றும் தொடங்காத என் சக ஊழியர்கள் சிலருக்கு, அந்தக் காலி நேரம் முழுவதையும் வீடும் உறவும் ஒரே மாதத்தில் நிரப்பிவிட்டன. வங்கி வரிசை, ரேஷன், பேரன் பள்ளி வேன், எல்லாம் "சும்மாதானே இருக்கீங்க" என்று வந்து சேர்ந்தது. ஓய்வுக்குப் பிந்தைய முதல் மாதம் மிக முக்கியம். அதற்குள் உங்கள் கிழமையை ஊர் அறியச் சொல்லிவிட வேண்டும்.

முதலில் முழங்கால், அப்புறம் கண், கடைசியில் நாற்காலி

வயதான பின் தொடங்குபவர்களுக்கு நான் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயம் இதுதான். ஆசைக்குள் பல வேலைகள் இருக்கும். அவற்றை உடம்பின் எந்தப் பாகம் செய்கிறது என்று பிரித்துப் பாருங்கள். எந்தப் பாகம் முதலில் தளருமோ அது செய்ய வேண்டியதை முதலில் செய்யுங்கள்.

கல்வெட்டில் எனக்கு மூன்று வேலை. ஒன்று, ஊர் ஊராகப் போய், குந்தி உட்கார்ந்து, கோயிலின் அடித்தளமான அதிட்டானத்தின் கீழ் வரிசையைப் பார்ப்பது. இது முழங்கால் வேலை. இரண்டு, எழுத்தைப் பிரித்துப் படிப்பது, கண் வேலை. மூன்று, படித்ததைச் சொல் பிரித்து, பொருள் பார்த்து, நோட்டில் எழுதுவது. இது நாற்காலியில் உட்கார்ந்து எண்பது வயதிலும் செய்யலாம். நான் முதலில் தலைகீழாகத் திட்டம் போட்டிருந்தேன். வீட்டில் உட்கார்ந்து ஐந்து வருடம் நன்றாகப் படித்துவிட்டு, அப்புறம் ஊர் சுற்றலாம் என்று. எலும்பு மருத்துவர் ஒருவர் என் வலது முழங்காலின் படத்தைக் காட்டி, தேய்மானம் தொடங்கியிருக்கிறது என்று சொன்ன அன்று திட்டத்தைத் திருப்பிப் போட்டேன். இப்போது போகிறேன், பார்க்கிறேன், படம் எடுக்கிறேன். புரியாததைப் படமாகச் சேர்த்து வைக்கிறேன். பின்னால் உட்கார்ந்து படிக்க 600க்கும் மேற்பட்ட படங்கள் இருக்கின்றன.

கண்ணுக்கு 2021இல் புரை அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். அதற்கு முன் ஒரு வருடம், எனக்கு எழுத்து பிடிபடவில்லை, மூளை மந்தமாகிவிட்டது என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். சிகிச்சைக்குப் பின் அதே படங்களை எடுத்துப் பார்த்தால், எழுத்து தெளிவாக இருந்தது. கற்க முடியவில்லை என்று முடிவு கட்டும் முன் கண்ணையும் காதையும் சோதித்துக்கொள்ளுங்கள்.

நேரத்தைப் பிடித்து நிறுத்த ஒரு ஆணி வேண்டும்

எனக்கு அந்த ஆணி வெளிச்சம். கல்வெட்டில் வெயில் நேராக விழுந்தால் எழுத்து மறைந்துவிடும். பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தால்தான் வெட்டுக்குள் நிழல் தங்கி, எழுத்து எழுந்து நிற்கும். ஒவ்வொரு சுவருக்கும் ஒரு நேரம் இருக்கிறது. கிழக்குச் சுவரை விடியற்காலையில் பார்த்துப் பயனில்லை. வெயில் முகத்துக்கு நேராக அடிக்கும். அதற்கு உச்சிக்குச் சற்று முன்புதான் சரி. மேற்குச் சுவருக்கு உச்சி தாண்டியதும். ஆனால் பல கோயில்களில் பன்னிரண்டு மணிக்கு நடை சாத்திவிடுவார்கள், அதையும் கணக்கில் வைக்க வேண்டும். தெற்குச் சுவருக்குக் கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் காலையும் மாலையும் நல்ல வெளிச்சம். வடக்குச் சுவரில் வெயில் படுவதே பங்குனிக் கடைசி முதல் ஆவணி வரைதான். அந்த மாதங்களில் காலை ஏழு, ஏழரைக்கு அது எவ்வளவு துலக்கமாகத் தெரியும் என்று நேரில் பார்த்தால்தான் புரியும்.

இதைத் தெரிந்துகொண்டபின், நேரம் கேட்பது எனக்கு எளிதானது. "அடுத்த மாசம் போயேன்" என்று யாராவது சொன்னால், "அடுத்த மாசம் அந்தச் சுவத்துல வெயில் இருக்காது" என்று சொல்ல முடிந்தது. எனக்காக நேரம் கேட்கும்போது வாய் தயங்கும். வெயிலுக்காகக் கேட்கும்போது தயங்கவில்லை. உங்கள் ஆசையிலும் இப்படி நகர்த்த முடியாத ஒன்றைத் தேடுங்கள். நீச்சல் குளத்தில் பெண்களுக்கான நேரம், நாதஸ்வர ஆசிரியர் ஊரில் இருக்கும் நாள், தேர்வுக்கு விண்ணப்பிக்கும் கடைசித் தேதி, விதைக்கும் பட்டம். அப்படி எதுவும் இல்லையென்றால், பணம் கட்டி ஒரு வகுப்பில் சேருங்கள். கட்டிய பணமும் ஒரு ஆணிதான்.

வெயில் இல்லாத இடத்தில் சிறிய டார்ச்சைச் சுவரோடு ஒட்டினாற்போல் பக்கத்தில் பிடித்தால் அதே வேலையைச் செய்யும். இன்னொன்று. எழுத்து தெரிய வேண்டும் என்று சுண்ணக்கட்டி, மாவு, எண்ணெய் எதையும் கல்லில் தேய்க்காதீர்கள். கல்லின்மேல் தாளை ஒட்டி, மை ஒற்றி மைப்படி எடுப்பது உரிய அனுமதி வாங்கித் தொல்லியல் துறையினர் செய்யும் வேலை. நமக்குக் கண்ணும் வெளிச்சமும் போதும். கோயிலுக்குள் நுழைந்ததும் முதலில் குருக்களைப் பார்த்து, வந்த காரணத்தைச் சொல்லிவிடுங்கள். ஒரு கோயிலில் நான் சொல்லாமல் படம் எடுக்கப்போய், அங்கிருந்தவர் சத்தம் போட்டதில் அன்றைய காலை வீணானது. இப்போது முதலில் அர்ச்சனை, அப்புறம் பேச்சு, அப்புறம் சுவர். பல ஊர்களில் குருக்களே வந்து, "அந்த மூலையில இன்னும் நாலு வரி இருக்கு" என்று காட்டுகிறார்கள்.

தினம் இருபது நிமிடம் எங்கே ஒளிந்திருக்கிறது

வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் தொட்டால், அடுத்த வாரம் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. இந்த வயதில் நினைவு அப்படித்தான் வேலை செய்கிறது. தினம் கொஞ்சமாவது தொட வேண்டும். அதற்கு நான் கண்டுபிடித்த வழி மளிகைச் சீட்டு. துவரம்பருப்பு 2 கிலோ, நல்லெண்ணெய் 1 லிட்டர் என்பதைச் சோழர் கால எழுத்தில் எழுதினேன். கடைக்கு வேறு சீட்டு எழுத வேண்டியிருந்தது, பரவாயில்லை. பால் கணக்கு, சலவைக் கணக்கு எல்லாம் அதே எழுத்தில். மூன்று மாதத்தில் கை பழகியது. கை பழகினால் கண் பழகுகிறது.

பழைய எழுத்தின் தொல்லைகளும் இப்படித்தான் பழகின. மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இருக்காது. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடம் இருக்காது. ரகரமும் துணைக்காலும் ஒரே உருவம். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்பு. "தர" என்பதும் "தா" என்பதும் ஒரே மாதிரி எழுதியிருக்கும், முன்பின் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வீட்டில் எழுதிப் பார்க்காமல் இதையெல்லாம் கல்லின் முன் நின்று கற்க முயன்றிருந்தால் ஒரு மாதத்தில் விட்டிருப்பேன்.

படித்தது சரியா என்று பார்க்க, தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகள் 1890 முதல் அச்சில் வந்திருக்கின்றன. பலவற்றை இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். முதலில் நீங்கள் படித்து எழுதுங்கள். அப்புறம் திறந்து ஒப்பிடுங்கள். முதலிலேயே திறந்தால் கண் சோம்பலாகிவிடும்.

எழுத்து கற்றுக்கொடுத்தவர், ஞாயிறு வகுப்பு நடத்திய 27 வயதுப் பையன். முதல் நாள் அவர் என்னை "அம்மா" என்றார், நான் அவரை "சார்" என்றேன். இன்றும் அப்படியேதான். வயது குறைந்தவரிடம் கற்கக் கூச்சப்படுகிறவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். மகன் வயதில் இருந்தாலும் கற்றுக்கொடுப்பவர் ஆசிரியர்தான். அந்த மரியாதையைக் கொடுத்தால் கூச்சம் போய்விடும்.

இடையில் அறுந்துபோகும், முடிச்சுப் போட்டுக்கொள்ளலாம்

அறுந்துபோகும் என்று எதிர்பார்த்தே தொடங்குங்கள். 2019இல் மகளின் பிரசவத்துக்காக ஐந்து மாதம் கோயம்புத்தூர். திரும்பிய சில மாதத்தில் கொரோனா, கோயில்களே மூடிக்கிடந்தன. அப்புறம் கண். கூட்டிப் பார்த்தால் தொடங்கிய முதல் நாலு வருடத்தில் ஏறக்குறைய இரண்டு வருடம் நான் எந்தச் சுவரையும் பார்க்கவில்லை.

அப்போது கயிறு முழுக்க அறாமல் காத்தது ஒரு சின்னப் பை. கையடக்க நோட்டு, எழுத்து அட்டவணை, இரண்டு படங்களின் அச்சு. குழந்தை தூங்கும் இருபது நிமிடத்தில் ஒரு வரி. சில நாள் அதுவும் இல்லை. ஆனால் பை கட்டில் பக்கத்திலேயே இருந்தது. பெரிய வேலை நின்றுபோகும் காலத்தில் செய்ய ஒரு சின்ன வேலையை முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது விட்ட இடத்திலிருந்து தொடங்கவும் முயலாதீர்கள். ஏற்கெனவே நன்றாகப் படித்த ஒன்றை மறுபடி படியுங்கள். அது வந்துவிட்டால் மனம் துணிந்துவிடும்.

மனம் தளரும்போது நான் ஐராவதம் மகாதேவனை நினைத்துக்கொள்வேன். ஐ.ஏ.எஸ். அதிகாரியாக வேலை பார்த்துக்கொண்டே தமிழிக் கல்வெட்டுகளைத் தேடிப் போனவர். 1930இல் பிறந்தார், 1980இல் விருப்ப ஓய்வு பெற்றார், தமிழிக் கல்வெட்டுகள் பற்றிய அவருடைய பெரிய நூல் 2003இல் வந்தது. அப்போது வயது 73. நாம் அவர் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஒரு ஆசைக்கு நாற்பது வருடம் ஆகலாம் என்று காட்டிவிட்டுப் போயிருக்கிறார். எங்கள் திருச்சியிலேயே கண் மருத்துவராக இருந்துகொண்டு, கோயில்களையும் கல்வெட்டுகளையும் ஆராய்ந்து எழுதிவரும் இரா. கலைக்கோவன் இருக்கிறார். நோயாளிகளைப் பார்ப்பதற்கு நடுவில் அவருக்கு நேரம் கிடைக்கிறது என்றால், மாவு அரைப்பதற்கு நடுவில் எனக்கும் கிடைக்க வேண்டும்.

திருவெள்ளறைக் கிணறு

நான் தனியாகப் போன முதல் ஊர் திருவெள்ளறை. துறையூர் சாலையில் சுமார் 20 கிலோமீட்டர். 2021 முதல் நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் செலவும் இல்லை. பெருமாள் கோயிலுக்குப் பின்பக்கம் ஸ்வஸ்திகா வடிவத்தில் ஒரு கிணறு இருக்கிறது. நாலு பக்கமும் படி. ஒரு படித்துறையில் இருப்பவருக்கு இன்னொரு துறையில் இருப்பவர் தெரியமாட்டார். அதனால் ஊரில் மாமியார் மருமகள் கிணறு என்றும் சொல்வார்கள். பல்லவ அரசன் தந்திவர்மன் காலத்தில், ஆலம்பாக்கத்தைச் சேர்ந்த கம்பன் அரையன் வெட்டியது. மாற்பிடுகு பெருங்கிணறு என்று பெயர். நாலாம் ஆட்சியாண்டில் தொடங்கி ஐந்தாம் ஆண்டில் முடித்ததாகக் கல்வெட்டே சொல்கிறது. ஆயிரத்து இருநூறு வருடம் ஆகிறது.

அங்கே ஒரு பாட்டும் வெட்டியிருக்கிறது. நிலையில்லாத உலகத்தின்மேல் ஆசை வைத்து நிற்காதே, மூப்பு வந்து உன்னைத் தளரச் செய்யும் முன், இருப்பதை உண்டு, மிச்சத்தை உலகம் அறியும்படி நல்லதற்கு வை என்று அதன் கருத்து. அது எனக்கு முன்பே தெரியாது. எழுத்துக்கூட்டிக்கொண்டே போனபோது நானாக முழுசாகப் படித்த முதல் சொல் "மூப்பு". படியில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அப்போது 59 வயது. கிணறு வெட்டியவர் தம் மிச்சத்தைத் தண்ணீராக வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அன்று திரும்பும் பேருந்தில் அழுதுகொண்டே வந்தேன்.

வீட்டில் இருப்பவர்களை உள்ளே இழுங்கள்

முதியவர் ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு நேரமே இருக்காது என்று சொல்வார்கள். பெரும்பாலும் உண்மைதான். என் மாமியாரை விட்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் என்னால் நகர முடியாது. ஆனால் ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன்.

நான் முழுவதும் படித்த முதல் விளக்குக் கல்வெட்டில், ஒரு நொந்தா விளக்குக்கு, அதாவது அணையாமல் எரியும் விளக்குக்கு, 96 ஆடு கொடுத்திருந்தார்கள். "சாவா மூவாப் பேராடு" என்று போட்டிருந்தது. சாகாத, மூப்படையாத ஆடுகள். கிழடானதும் செத்ததும் போக, குட்டிகளால் எண்ணிக்கையை எப்போதும் 96 ஆகவே வைத்திருப்பார்கள் என்பதுதான் பொருள். அந்த மந்தையிலிருந்து தினம் ஒரு உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். உழக்கு எவ்வளவு என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. கட்டிலில் சாய்ந்திருந்த மாமியாரிடம், "அத்தை, உழக்குன்னா எவ்வளவு?" என்றேன்.

"ரெண்டு ஆழாக்கு ஒரு உழக்கு. ரெண்டு உழக்கு ஒரு உரி. ரெண்டு உரி ஒரு நாழி. பரண்ல பித்தளை உழக்கு கெடக்கும், எடுத்துப் பாரு" என்றார்.

எடுத்தேன். அவர் கல்யாணத்துக்குக் கொடுத்தது. பாபநாசம் பக்கத்துக் கிராமத்தில் நெல் அளந்த குடும்பம். எட்டு நாழி ஒரு மரக்கால், 12 மரக்கால் ஒரு கலம், நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி என்று வாய்ப்பாடு மாதிரி சொன்னார். நான் நூலகத்தில் தேடிக்கொண்டிருந்த சொற்கள் எல்லாம் என் வீட்டுக் கட்டிலில் உயிரோடு இருந்தன. அதிலிருந்து, வாரத்தில் இரண்டு மாலை, நான் எடுத்து வந்த வாசகத்தை அவருக்குப் படித்துக் காட்டுகிறேன். காது மந்தம் என்பதால் சத்தமாகப் படிக்க வேண்டும். சத்தமாகப் படித்தால் எங்கே சொல் பிரிகிறது என்பது தானாகத் தெரிந்துவிடுகிறது. அவரைப் பார்த்துக்கொள்ளும் நேரமும் கல்வெட்டு நேரமும் அந்த இரண்டு மாலைகளில் ஒன்றாகிவிட்டன.

எல்லா வீட்டிலும் இப்படி அமையாது. மறதி நோயில் இருப்பவரைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு நான் யோசனை சொல்லத் தகுதியில்லை. அவர்களுக்கு முதலில் வேண்டியது தூக்கம். உடன்பிறந்தவர்கள் இருந்தால், மாதத்தில் நாலு நாள் முறை வைத்து வரச்சொல்லிக் கேளுங்கள். தயங்காமல் கேளுங்கள்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். ஓய்வூதியம் பெரிதாக ஒன்றும் இல்லை. மாதம் 1,500 ரூபாயைத் தனி உறையில் போட்டு வைக்கிறேன். பேருந்து, சாப்பாடு, படம் அச்சடிக்க, எப்போதாவது ஆட்டோ. வீட்டுச் செலவோடு கலந்தால் முதலில் காணாமல் போவது என் பங்காகத்தான் இருக்கும், அதனால்தான் உறை.

போன மாதம் மாமியார் ஒன்று கேட்டார். அவர் பிறந்த ஊர்க் கோயிலைச் சின்ன வயதில் எத்தனையோ தடவை சுற்றியிருக்கிறாராம். தெற்குச் சுவரில் கை வைத்துக்கொண்டே நடப்பாராம், எழுத்து உள்ளங்கையில் உறுத்துமாம். "அதுல என்னதான் எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லேன்" என்றார். அந்தச் சுவருக்கு இந்த மார்கழிதான் நல்ல மாதம். கார் சொல்லியாகிவிட்டது. விடிவதற்கு முன்பே கிளம்புகிறோம். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று, அவருக்குச் சால்வை, பிளாஸ்கில் வெந்நீர், டார்ச், நோட்டு, அந்தப் பித்தளை உழக்கு. உழக்கு எதற்கு என்று கணவர் கேட்டார். அத்தைதான் எடுத்து வைக்கச் சொன்னார்.